முதுகில் கூடை, கையில் பின்னல், கடதாசியில் யார்?



படிவம் நிரப்பும்போது "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொல்லும் பெண்களை எனது வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன். அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெண் விடியமுன் எழும்பித் தண்ணீர் அள்ளி, மாட்டைப் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தோட்டத்தில் நின்றுவிட்டு வந்தவராக இருப்பார். ஆனாலும் "சும்மா" என்ற சொல்தான் அவர் வாயில் முதலில் வருகிறது.

பெண்ணின் உழைப்பு எழுத்தில் வராமற் போவதால் என்ன நடக்கிறது என்பதை இம்முறை தூர தேசம் ஒன்றின் பழைய கதையொன்றின் மூலம் பார்ப்போம். தேசம் ஸ்கொட்லாந்து. காலம் விக்ரோரியா மகாராணி ஆட்சி செய்த 1837 முதல் 1901 வரையான காலம்.

ஸ்கொட்லாந்து என்றதும் எமக்கு நினைவுக்கு வருபவர்கள் தேயிலைத் தோட்டங்களின் வெள்ளைத் துரைமார். அவர்களின் சொந்த நாட்டின் வடக்கே, மலைப்பகுதியிலும் தீவுகளிலும் காணி இல்லாத ஏழைக் கமக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே காணி முழுவதும் ஒரு சில பிரபுக்களுக்கே சொந்தமாக இருந்தது. குடும்பங்கள் சில ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து உழுதன. இத்தகைய சிறு காணியை அங்கே "கிரொஃப்ட்" என்பார்கள். உறுதி கிடையாது. வாடகை வருடத்துக்கு வருடம். வீட்டைக் கட்டியதும், கல்லைப் பொறுக்கி நிலத்தைப் பண்படுத்தியதும் அந்தக் குடும்பமே. எனினும் பிரபு எழும்பச் சொன்னால், நட்டஈடு எதுவுமின்றி எழும்ப வேண்டியதுதான். அம்மக்கள் பேசியது கேலிக் மொழி. நீதிமன்றமும் பிரபுவின் கந்தோரும் நடந்தது ஆங்கிலத்தில்.

நெருப்பு அணையாத வீடு

மேற்குத் தீவுகளில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்குக் "கறுப்பு வீடு" என்று பெயர். சாந்து பூசாத கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் மண்ணை நிரப்புவார்கள். மேலே வைக்கோல் வேய்ந்து, கடற்காற்று தூக்கிச் செல்லாதபடி கயிறு போட்டுக் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மண் தரை. புகைபோக்கி இல்லை. ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் மாடு. லூயிஸ் தீவின் ஆர்னோல் கிராமத்தில் இத்தகைய வீடொன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1966 ஆம் ஆண்டு வரை அதில் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

வீட்டின் நடுவே இரவும் பகலும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். விறகு கிடையாது. சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அதற்குப் "பீற்" என்று பெயர். இரவில் தணலைச் சாம்பலால் மூடி, பிரார்த்தனை சொல்லி, காலையில் மறுபடி கிளறி எடுப்பது வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. அந்த நெருப்புத்தான் குடும்பம் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். குடும்பத்தை வெளியேற்ற வரும் அதிகாரிகள் முதலில் செய்ததும் அந்த நெருப்பை அணைப்பதுதான்.

அவளது வருடம்

அப்படியான வீட்டுப் பெண்ணின் ஒரு வருடத்தைப் பாருங்கள். பனிக்காலம் முடியும்போது கடற்கரையில் ஒதுங்கும் கடற்பாசியைக் கூடையில் நிரப்பி, முதுகில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோவாள். அதுதான் பசளை. கல்லும் சேறுமான நிலத்தில் மேடு மேடாகப் பாத்தி கட்டி உருளைக்கிழங்கு நடுவார்கள். கொஞ்சம் ஓட்ஸும் பார்லியும் விதைப்பார்கள். பின்பு பீற் வெட்டும் காலம். வெட்டுவதற்கு ஆண் நின்றாலும், அடுக்குவதும் காயவைப்பதும் வீடுவரை சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். முதுகுக் கூடையில் பீற்றைச் சுமந்தபடி, நடந்துகொண்டே இரண்டு கையாலும் கம்பளி பின்னிச் செல்லும் பெண்களின் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. நடக்கும் நேரத்தைக்கூட அவர்கள் வீணாக விடவில்லை.

கோடை வந்ததும் லூயிஸ் போன்ற தீவுகளில் பெண்களும் குமர்ப்பிள்ளைகளும் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு தூரத்து மேய்ச்சல் நிலத்துக்குப் போவார்கள். சிறு குடிசைகளில் தங்கி, பால் கறந்து, வெண்ணெயும் பாற்கட்டியும் செய்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அறுவடைக்குத் திரும்பி வருவார்கள். குளிர்காலம் முழுவதும் நூல் நூற்பதும் துணி நெய்வதும். நெய்த துணி இறுகுவதற்காகப் பெண்கள் பலர் ஒரு பலகையைச் சுற்றி இருந்து, பாட்டுப் பாடிப் பாடி ஈரத்துணியை அடிப்பார்கள்.

ஆண்கள் எங்கே? பலர் மீன்பிடிக்கும் தெற்கில் கூலி வேலைக்கும் போயிருந்தார்கள். பலர் பட்டாளத்தில் இருந்தார்கள். சிறு காணியின் விளைச்சல் மட்டும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதாது. ஆகவே வருடத்தில் பல மாதங்கள் கமத்தை நடத்தியது பெண்களே. எனினும் சனத்தொகைப் பதிவேட்டில் அவளது தொழிலுக்கு எதிரே பல இடங்களில் எழுதப்பட்டிருப்பது "கமக்காரரின் மனைவி" என்பதுதான். சில இடங்களில் அதுவும் இல்லை.

பின்னலுக்குத் தேயிலை, வேலைக்கு அரைப் பங்கு

வடக்குக் கோடியில் ஷெட்லண்ட் என்ற தீவுக்கூட்டம் உண்டு. அங்குள்ள சிறு கமக்காரப் பெண்கள் பின்னும் கம்பளிச் சால்வைகளும் காலுறைகளும் பெயர் பெற்றவை. ஆனால் கடைக்காரர் அவற்றுக்குக் காசு கொடுப்பதில்லை. தேயிலையும் துணியுமே கொடுப்பார். தேயிலையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச முடியுமா? அந்தப் பெண்கள் அயலவரிடம் தேயிலையைக் கொடுத்து மாவும் கிழங்கும் மாற்றிக்கொண்டார்கள். மாற்றும்போது பெறுமதி குறையும். நட்டம் அவளுக்குத்தான்.

1872 ஆம் ஆண்டு அரசாங்கம் இதுபற்றி ஷெட்லண்டில் விசாரணை நடத்தியது. பின்னல் வேலை செய்த பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். என்ன பின்னினோம், எத்தனை நாள் எடுத்தது, பதிலுக்கு என்ன தந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவர்களின் வாக்குமூலங்கள் அவர்களின் சொந்தப் பெயர்களிலேயே எழுதப்பட்டன. கூலிக்குப் பதில் பொருள் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1887 இல் திருத்தப்பட்டபோது, வீட்டிலிருந்து செய்யும் கம்பளி வேலையும் அதில் சேர்க்கப்பட்டது. பழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. ஆனால் "இது பிழை" என்று சொல்லச் சட்டத்தில் ஒரு வரி கிடைத்தது.

இதற்கு முன்னர் பெரும் பஞ்சமொன்றும் வந்தது. 1846 இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்து மலைப்பகுதி எங்கும் கிழங்கு அழுகியது. அயர்லாந்தைப் போல இலட்சக்கணக்கில் மக்கள் சாகாவிட்டாலும் பல வருடங்கள் பட்டினி நீடித்தது. நிவாரணச் சபைகள் மா பங்கிட்டன. ஆரம்பத்தில் நிர்ணயித்த உச்ச அளவு எவ்வளவு தெரியுமா? வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 24 அவுன்ஸ், வளர்ந்த பெண்ணுக்கு 12 அவுன்ஸ், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 8 அவுன்ஸ். அதாவது பெண்ணுக்கு ஆணின் சரி அரைவாசி. "சும்மா கொடுத்தால் சோம்பேறியாகி விடுவார்கள்" என்று சொல்லி, பின்பு மாவுக்கு வேலையும் வாங்கினார்கள். ஆண்கள் வீதி போட்டார்கள். பெண்கள் நூல் நூற்றார்கள், பின்னினார்கள். அப்போது போட்ட வீதிகளில் ஒன்றுக்கு இன்றும் "வறுமை வீதி" என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அளவை நிர்ணயிப்பவர் எம்மை எப்படிப் பார்க்கிறாரோ, அதுதான் எமது சாக்கில் விழும் மாவின் எடை.

நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு வழி திறந்தது. ஹெரிங் என்னும் மீனைப் பிடிக்கும் வள்ளங்களைத் தொடர்ந்து, தீவுகளிலிருந்து இளம் பெண்கள் துறைமுகம் துறைமுகமாகப் போனார்கள். ஷெட்லண்டிலிருந்து இங்கிலாந்தின் யாமத் வரை போனவர்களும் உண்டு. மூவர் ஒரு குழு. இருவர் மீனின் குடலை எடுக்க, ஒருவர் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தி விரலைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் உப்புப் படும். ஆகவே விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டே வேலை செய்தார்கள். பருவம் முடிந்து அவர்கள் கொண்டுவந்த காசில்தான் பல வீடுகளின் வாடகை கட்டப்பட்டது. வாடகைச் சிட்டையில் எழுதப்பட்டதோ தகப்பனின் பெயர்.

முன்னே நின்றவர்கள்

பிரபுக்களுக்குச் செம்மறி ஆட்டுப் பண்ணை இலாபமாகத் தெரிந்தபோது குடும்பங்களை எழுப்பினார்கள். இது விக்ரோரியா காலத்துக்கு முன்பே தொடங்கியது. வீடுகளை இடித்தும் எரித்தும் வெளியேற்றினார்கள். மக்கள் கடற்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். பலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள்.

இதை எதிர்த்துப் பல இடங்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் பெண்கள். 1854 இல் கிரீன்யாட்ஸ் என்ற இடத்தில் வெளியேற்றக் கட்டளையுடன் வந்த பொலிஸாரைப் பெண்கள் வழிமறித்தார்கள். பொலிஸார் தடிகளால் அடித்ததில் பெண்கள் பலர் தலையிலும் உடலிலும் படுகாயம் அடைந்தார்கள். பெண்கள் ஏன் முன்னே நின்றார்கள்? ஆண்கள் பலர் வேலைக்காக வெளியூர் போயிருந்தார்கள். நின்றவர்களும் கைதுக்குப் பயந்தார்கள். பெண்களை அடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கை பொய்த்தது.

1882 ஏப்ரல் மாதம் ஸ்கை தீவின் பிரேஸ் கிராமங்களில் நடந்தது இதைவிடப் பிரபலம். பென் லீ என்ற மலையின் மேய்ச்சல் உரிமையைப் பிரபு எடுத்துக்கொண்டிருந்தார். திருப்பித் தரும்வரை வாடகை கட்டமாட்டோம் என்று மக்கள் மறுத்தார்கள். வெளியேற்றக் கட்டளை கொண்டுவந்த அதிகாரியிடம் அந்தக் கடதாசியை எரிக்க வைத்தார்கள். சில நாட்களில் கிளாஸ்கோ நகரிலிருந்து சுமார் 50 பொலிஸார் விடியற்காலையில் வந்து இறங்கி ஐந்து ஆண்களைக் கைது செய்தார்கள். ஒடுங்கிய மலைப்பாதையில் அவர்களை மறித்துக் கல்லெறிந்தவர்களில் பெண்களே முன்னின்றார்கள். இரு பக்கத்திலும் காயம். செய்தி நாடு முழுவதும் பரவியது. கடைசியில் வாடகை பேசி அந்த மலையை மக்கள் மீளப் பெற்றார்கள்.

இந்தப் போராட்டத்தின் குரலாக விளங்கியவரும் ஒரு பெண்ணே. ஸ்கை தீவில் 1821 இல் பிறந்த மேரி மக்பேர்சன். கணவர் சப்பாத்துத் தைப்பவர். அவர் 1871 இல் இறக்க, மேரி பிள்ளைகளுக்காக ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடமே அவ்வீட்டு உடுப்புகளைத் திருடினார் என்று குற்றஞ்சாட்டி 40 நாள் சிறையில் போட்டார்கள். தான் குற்றமற்றவள் என்று அவர் கடைசிவரை சொன்னார். அந்த அவமானமே தன்னைப் பாட வைத்தது என்றும் சொன்னார். பின்பு கிளாஸ்கோவுக்குப் போய், ஐம்பது வயது கடந்த நிலையில் தாதித் தொழிலும் மருத்துவிச்சித் தொழிலும் படித்துச் சான்றிதழ் பெற்று, தன் காலில் நின்றார். காணிக் கூட்டங்களில் அவருடைய பாடல்கள் ஒலித்தன. அவருக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. மனதில் இருந்த பாடல்களை அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, 1891 இல் புத்தகம் வந்தது. "பாடல்களின் பெரிய மேரி" என்றே அம்மக்கள் அவரை இன்றும் நினைக்கிறார்கள்.

கடதாசி வந்தபோது

கலகம் பெரிதாக, 1883 இல் அரசாங்கம் ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. தலைவர் நேப்பியர் பிரபு. இவர் 1866 முதல் 1872 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவர். சென்னையில் கூவம் ஆற்றின் மேலுள்ள நேப்பியர் பாலம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. ஆணைக்குழுவின் முதல் அமர்வு 1883 மே 8 ஆம் திகதி அதே பிரேஸில் நடந்தது. ஊர் ஊராகப் போய் 775 சாட்சிகளைக் கேட்டார்கள். சாட்சி சொல்ல முன்வந்தவர்களை வெளியேற்றிவிடுவார்களோ என்ற பயம் இருந்தும் மக்கள் பேசினார்கள். ஆனால் சாட்சி சொன்னவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். கல்லெறிந்தவளும் அடி வாங்கியவளும் கடற்பாசி சுமந்தவளும் வெளியே நின்றார்கள்.

1886 இல் சட்டம் வந்தது. வாடகை கட்டும்வரை குடும்பத்தை எழுப்ப முடியாது. நியாயமான வாடகையை ஆணைக்குழு தீர்மானிக்கும். காணியை விட்டுப் போனால் செய்த திருத்தங்களுக்கு நட்டஈடு உண்டு. உரிமையைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிவைக்கலாம். சொந்தக் காணியே இல்லாத குடும்பங்களுக்கு இதனால் பெரிய பலன் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளில், நாளை நெருப்பை அணைக்க ஆள் வருவானோ என்ற பயம் போனது. அது பெரிய வெற்றி.

அந்த உரிமை யார் பெயரில் வந்தது? வாடகைச் சிட்டையில் இருந்த பெயருக்கே வந்தது. அது பெரும்பாலும் கணவனின் அல்லது தகப்பனின் பெயர். கணவன் விருப்ப ஆவணம் எழுதிவைத்தால் மனைவிக்குக் கிடைக்கும். எழுதாமல் இறந்தால் உரிமை சட்டப்படியான வாரிசுக்கு, பொதுவாக மூத்த மகனுக்குப் போகும். மனைவி அந்த வரிசையில் இல்லை. நாற்பது வருடம் அந்த மண்ணில் உழைத்தவள் மகனின் தயவில் இருக்க வேண்டியவளானாள். சில விதவைகளின் பெயர்கள் சிட்டைகளில் இருக்கின்றன. அங்கும் பலர் "விதவை" என்ற சொல்லோடு குடும்பப் பெயராக மட்டுமே எழுதப்பட்டார்கள். மூத்த மகனுக்கே காணி என்ற முறை நீங்கி, இறந்தவரின் துணைக்கும் வாரிசு உரிமை கிடைத்தது 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்கொட்லாந்தின் பழைய கல்லறைகளில் மணமான பெண்ணின் பெயர் அவளது பிறந்த வீட்டுப் பெயரோடு தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இறந்த பிறகு கல்லில் அவளுக்கு முழுப்பெயர் இருந்தது. உயிரோடு இருந்தபோது காணிக் கடதாசியில் இல்லை.

சகோதரிகளே, அந்த மலைநாட்டுப் பெண்கள் கோழைகள் அல்லர். வேலையில் பின்நின்றவர்களும் அல்லர். அவர்களுக்குத் தவறிப்போனது ஒன்றுதான். விசாரணை நடந்த நாளில் அவர்கள் வாங்கில் இருக்கவில்லை, பெயர் எழுதப்பட்ட நாளில் மேசைக்கு முன்னால் இருக்கவில்லை. ஷெட்லண்டின் பின்னற்காரிகள் அந்த வாங்கில் இருந்தார்கள். ஆகையால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது 1872 முதல் இன்றுவரை எழுத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காணிக் கடதாசியை, வீட்டுத்திட்டப் படிவத்தை, வங்கிப் புத்தகத்தை இன்று பின்னேரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறது? வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். அடுத்த முறை "என்ன தொழில்?" என்று யாராவது கேட்டால், கோடு இழுக்க விடாதீர்கள். கமம் செய்கிறேன், மாடு வளர்க்கிறேன், தையல் தைக்கிறேன் என்று செய்வதைச் சொல்லுங்கள். எழுதும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.